கூரையில்லாத கலைக்கூடம்

சித்திரக் கண்காட்சிக்குப் போகிறவர்களில் இரண்டு வகையார் உண்டு. ஒரு வகையார் ஒவ்வொரு படத்தின் முன்னும் ஐந்து நிமிஷம் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஆகா!" என்பார்கள். மற்றொரு வகையார் வாசல் வரையில் வந்து, உள்ளே நிற்கும் சிற்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன ஐயா, ஆளா, மரமா, ஆட்டுக்கல்லா?" என்று கேட்பார்கள். முதல் வகையாருக்கு உண்மையிலேயே புரிந்ததா என்பது நமக்குத் தெரியாது. இரண்டாவது வகையாரின் கேள்வி நியாயமானது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தக் காலத்துச் சிற்பிகள் ஓட்டை விழுந்த உருண்டைகளையும், முண்டும் முடிச்சுமான உருவங்களையும் செய்து வைக்கிறார்கள். கீழே ஒரு சீட்டில் "இயற்கை" என்றோ "தாய்" என்றோ எழுதியிருக்கும். கும்பகோணத்துக் கோவிலில் கல் யாளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, "இதெல்லாம் மேனாட்டிலிருந்து வந்த பைத்தியம்" என்று தோன்றுவது சகஜம். நாமும் வெகு காலம் அப்படி நினைத்துக் கொண்டிருக்கும் கோஷ்டியின் நடுவே வாழ்ந்தவர்கள்தான். ஆனால் இந்த விவகாரத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுந்த இடம் சென்னையில் இல்லை. ஜவ்வாது மலையில் இருக்கிறது. அங்கே கூரையில்லாத ஒரு கலைக்கூடம் திறந்து கிடக்கிறது. டிக்கெட்டு இல்லை, சீட்டில் எழுதிய பெயர் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. சிற்பங்கள் கல்லில் இருக்கின்றன. நீர்வண்ணப் படங்களை மூடுபனி நாள்தோறும் காலையில் தீட்டி, பத்து மணிக்குள் அழித்து விடுகிறது.

வாசனைப் பெயர் கொண்ட மலை

ஜவ்வாது என்றால் நம் வீடுகளில் வாசனைப் பொடி. அந்தப் பெயரைத் தாங்கிய மலை, ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர் பெற்றது என்பது பொருத்தமான விஷயந்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, சுமார் 50 மைல் நீளமும் 20 மைல் அகலமும் உள்ளது. இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. (திருப்பத்தூர் 2019-ம் ஆண்டில்தான் தனி மாவட்டமாயிற்று.) சிகரங்கள் பெரும்பாலும் 3,600 அடியை ஒட்டியவை. உதகமண்டலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உயரம் பெரிதாகப் படாது. ஆனால் உதகமண்டலத்தில் கிடைக்காத ஒன்று இங்கே ஏராளமாகக் கிடைக்கிறது. அதுதான் தனிமை.

மேலே போக வழிகள் பல. போளூரிலிருந்து ஒரு பாதை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக மற்றொரு பாதை. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஒரு பாதை. நாம் போளூர் வழியாகப் போனோம். பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் கீழே சமவெளி ஒரு படி சிறுத்து, வயல்கள் பாய் விரித்ததுபோல் ஆயின. நம்முடன் வந்தவர் ஒரு சித்திரக்கார நண்பர். நீர்வண்ணத்தில் கை தேர்ந்தவர். பேசுவதில் மகா சிக்கனக்காரர். ஏழாவது வளைவில் "ஊதா" என்றார். பதினொன்றாவது வளைவில் "சாம்பல்" என்றார். ஜமுனாமரத்தூர் வருகிற வரையில் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஜமுனாமரத்தூர்தான் மலையின் தலை நகரம். நகரம் என்றதும் நேயர்கள் பிரமாதமாக எதையும் எண்ணிவிட வேண்டாம். கடைத்தெரு ஒன்று, அரசாங்க அலுவலகங்கள் சில, வாரச் சந்தை. சுற்றுப்புறத்தில் சாமை விளைகிறது, கேழ்வரகு விளைகிறது, பலாவும் புளியும் நெல்லியும் சீத்தாப்பழமும் உண்டு. தேனுக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் பீமன் மடுவு என்ற நீர்வீழ்ச்சி இருக்கிறது. பஞ்சபாண்டவர்கள் வனவாசத்தின்போது நம் நாட்டில் வந்து தங்காத மலை எது?

இங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

உளி படாத சிற்பங்கள்

ஜமுனாமரத்தூரை விட்டு ஒரு கல் தூரம் நடந்தால் சிற்பக்கூடம் ஆரம்பமாகிவிடுகிறது. ஒரு பாறை படுத்த எருமையைப் போல் இருக்கிறது. இன்னொரு பாறை, பானையின்மேல் பானை வைத்தாற்போல், இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று நிற்கிறது. அது அப்படி நிற்க ஆரம்பித்தபோது மனிதன் என்று ஒருவன் இருந்தானா என்பதே சந்தேகம்.

இந்தச் சிற்பங்களை ஆக்கிய முறை எளிதானது. நீலச் சாயலுள்ள இந்தச் சாம்பல் நிறக் கருங்கல் பூமியின் அடியில் பெரும் பாரத்துக்குக் கீழே உருவானது. மேலே இருந்த மண்ணும் கல்லும் லக்ஷக் கணக்கான வருஷங்களில் மழையிலும் காற்றிலும் கரைந்து போயின. பாரம் நீங்கியதும் கல் சிறிது விரிந்து, வெங்காயச் சருகு போல் அடுக்கடுக்காக உரிகிறது. வெடிப்புகளில் தண்ணீர் இறங்குகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி அடிக்கின்றன. மூலைகள் மூன்று பக்கமும் தாக்கப்படுவதால் முதலில் மழுங்குவது மூலைகள்தான். சதுரக் கல் காலக்கிரமத்தில் உருண்டைக் கல்லாகிறது. வாட்டம் பார்த்து வெட்டும் சிற்பியைப் போலவே மழையும் கல்லின் பலவீனமான இடத்தைத் தேடித்தான் வேலை செய்கிறது.

மேனாட்டுச் சிற்பிகளில் மிகப் புகழ் பெற்ற ஹென்ரி மூர் என்ற ஆங்கிலேயர் (1898–1986) கூழாங்கற்களையும் எலும்புத் துண்டுகளையும் பொறுக்கி வைத்துக்கொண்டு, அவற்றின் வளைவுகளிலிருந்தே தம் உருவங்களைக் கண்டுபிடித்தார். அவருடைய சிற்பங்களில் காணும் ஓட்டைகளைப் பற்றி உலகம் முழுதும் பரிகாசம் செய்தது. ஜவ்வாது மலைப் பெரியவர் எவரும் பரிகாசம் செய்திருக்க மாட்டார். ஓட்டையில்லாத பாறையைத்தான் அவர் அதிசயமாகப் பார்ப்பார்.

நமக்கு வழி காட்ட வந்த பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். நம் நண்பர் ஒரு பாறையைக் காட்டி, "இது யானை மாதிரி இல்லையா?" என்று கேட்டார்.

"யானை மாதிரி இல்லீங்க. மழை வரதுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருக்கும், வந்து போன பிறகு ஒரு மாதிரி இருக்கும். அதனாலே நாங்க இதுக்கு உருவம் சொல்றதில்லே. மழைக்கல்லுன்னுதான் சொல்லுவோம்" என்றார் பெரியவர்.

சித்திரக்கார நண்பர் வெகு நேரம் மௌனமாயிருந்தார். கலைக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்துக் கற்றுக்கொண்டதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாரே என்று அவருக்கு ஏக்கம் போலிருக்கிறது.

பிள்ளையாரப்பனும் குள்ளர் வீடும்

இந்த மலை ஊர்கள் சிலவற்றில் மரத்தடிப் பிள்ளையாரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் துதிக்கையும் இராது, தொந்தியும் இராது. கையளவு நீளத்தில், ஒரு பக்கம் கூர்மையாகத் தேய்த்த வழவழப்பான கற்கள் நட்டு வைக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் பூசி நிற்கும். அவை புதிய கற்கால மனிதன் தீட்டிய கைக்கோடரிகள். இரும்பு தெரியாத காலத்தில் காட்டை வெட்டிக் கொல்லை போட உதவிய கருவிகள். ஏர் ஓட்டும்போதும் கிழங்கு தோண்டும்போதும் அகப்பட்ட இந்தக் கற்களை, "இது சாதாரணக் கல் அல்ல, யாரோ செய்தது" என்று உணர்ந்து, மலை மக்கள் தெய்வமாக்கி விட்டார்கள். திருப்பத்தூருக்கு அருகில் பையம்பள்ளி என்ற இடத்தில் 1964-65-லும் 1967-68-லும் இந்தியத் தொல்பொருள் இலாகாவினர் அகழ்ந்தபோது, இத்தகைய கோடரிகளும், தரையில் குழி வெட்டி மனிதர் வாழ்ந்த அடையாளங்களும், கரிந்த பயறும் கொள்ளும் கிடைத்தன. நாலாயிரம் வருஷத்துக் கருவியைப் பொருட்காட்சிசாலையில் கண்ணாடிக்குள் வைக்கிறோம். இங்கே அதற்குத் தேங்காய் உடைக்கிறார்கள். எந்த மரியாதை பெரிது என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

மலையின் சில சரிவுகளில் பலகைக் கற்களை மூன்று பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையை மூடியாக வைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. இறந்தவர்களுக்காகப் பெருங்கற்காலத்தார் எழுப்பியவை. "குள்ளர் வீடு" என்றும் "வாலியர் வீடு" என்றும் ஊரார் சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் முழங்கால் உயரமே உள்ள மனிதர்கள் இருந்தார்கள் என்றும், அவர்கள் பலமோ பத்து யானைப் பலம் என்றும் கதை. குள்ளர்கள் இருந்தார்களோ இல்லையோ, அந்த மூடிக்கல்லைப் பார்த்தபின் பத்து யானைப் பலத்தைப் பற்றி நமக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மலைக்குத் தெற்கே, தண்டராம்பட்டுப் பக்கத்தில் மோட்டூர் என்ற ஊர் உண்டு. அங்கே கல்வட்டத்தின் நடுவில் பெரிய பலகைக்கல் ஒன்று நிற்கிறது. அதற்குத் தலை என்று சொல்லத் தக்கது இல்லை, கால் இல்லை, முகம் இல்லை. இரண்டு தோள்கள் மட்டும் வளைந்து விரிந்திருக்கின்றன. ஆயினும் பார்த்த மாத்திரத்தில் அது மனித உருவந்தான் என்று தெரிகிறது. தாய்த் தெய்வம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் இரண்டாவது வகை ரஸிகர் இதைச் சென்னைக் கலைக்கூடத்தில் கண்டால், "மேனாட்டுப் பைத்தியம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுவார். ஆனால் இது மேனாட்டுக்காரர் எவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், தமிழ் மண்ணில், உள்ளூர்க் கல்லில், உள்ளூர்க் கை செய்தது. விசித்திரமான உருவத்துக்கு நாம் அந்நியர் அல்ல. அதன் பழைய உறவினர்கள்.

நாய்க்கும் ஓர் இடம்

மலையடிவாரத்தில் செங்கம். சங்க காலத்தில் நன்னன் என்ற சிற்றரசனுடைய ஊர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் அவனைப் பற்றியதுதான். பெருங்கௌசிகனார் பாடியது. மலையில் எழும் பலவகை ஓசைகளையும் கேட்டு எழுதிய பாட்டு அது. வழியோரத்தில் நடுகற்கள் நிற்பதையும் அது சொல்லுகிறது. அந்த நடுகற்களின் வழிவந்தவை இன்றும் செங்கத்தைச் சுற்றி நிற்கின்றன. இவற்றைத் தேடிப் படியெடுத்துத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1972-ல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். பல கற்களில் உள்ள எழுத்து வட்டெழுத்து.

கல் நடுவது சும்மா நடந்துவிடும் காரியமன்று. கல்லைத் தேர்ந்து காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஆறு துறைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. சிற்பம் செய்வதற்கு முன்னால் காட்டில் போய்த் தகுந்த கல்லைக் "காண" வேண்டும் என்பதை முதல் துறையாக வைத்தவர்கள் கலையின் ரகசியத்தை அறிந்தவர்களாய்த்தான் இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்றைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ம் ஆட்சி ஆண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர் துறந்தான். அவனுடைய உருவத்தின் அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்லுகிறது. மாமல்லபுரத்துக்குப் பேர் போன அந்த நூற்றாண்டில், எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் காற்றில் பறந்து போயின. ஒரு மாட்டுக்கார ஊரின் நாயினுடைய பெயர் மட்டும் ஆயிரத்து நானூறு வருஷமாக அழியாமல் நிற்கிறது. ராஜாதிராஜர்களின் சரித்திரத்தைப் படித்துப் படித்து அலுத்தவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு உண்டா?

இத்தகைய கற்களை இந்தப் பக்கத்து ஜனங்கள் வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். சண்டையின் காரணமும் வீரனின் பெயரும் மறந்து போயின. மரியாதை மட்டும் மறக்கவில்லை.

தண்ணீரும் வண்ணமும்

மறுநாள் விடியற்காலையில் நண்பர் படம் எழுத உட்கார்ந்தார். காகிதத்தை முதலில் நனைத்தார். ஈரத்தின்மேல் ஒரு நீலம், அதன்மேல் ஒரு சாம்பல். மூடுபனி காகிதத்தை உலர விடவில்லை. வண்ணம் அவர் சொன்ன இடத்தில் நிற்காமல், தனக்கு இஷ்டமான இடத்துக்கு ஓடியது. சமவெளியில் இது நடந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். இங்கே தூரிகையை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக் கொண்டிருந்தார். சற்று நேரத்தில் எதிரே இருந்த மலை காகிதத்தில் தானாகவே வந்து உட்கார்ந்தது.

வண்ணத்தைப் பூசி, நீரில் கழுவி, மறுபடி பூசும் இந்த முறைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வங்காளத்தில் அவனீந்திரநாத தாகூர் (1871–1951) அதைத் தமதாக்கிக் கொண்டார். 1903-ம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்த தைக்கான், ஷுன்ஸோ என்ற ஜப்பானியச் சித்திரக்காரர்களின் வேலையைக் கவனித்து, அதை நம் நாட்டு விஷயங்களுக்கு ஏற்றபடி மாற்றினார். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த 1905-ம் ஆண்டில் அவர் எழுதிய "பாரத மாதா" ஒரு நீர்வண்ணப் படந்தான். காவியுடை அணிந்து, நான்கு கரங்களில் உணவும் உடையும் கல்வியும் தீக்ஷையும் ஏந்திய அந்த மாதாவை அறியாத தேசபக்தர் அக்காலத்தில் இல்லை.

அதே அவனீந்திரர் முதுமையில் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்தில் விழுந்த சுள்ளி, வேர், கொட்டாங்கச்சி, மரக்கணு இவற்றைப் பொறுக்கி, அங்கே ஒரு வெட்டு இங்கே ஓர் ஒட்டு என்று சிறிதளவே கை வைத்து, பறவையும் மிருகமும் மனிதருமாக ஆக்கினார். "கட்டூம் குட்டூம்" என்று அவற்றுக்குச் செல்லப் பெயர். இயற்கை பாதி செய்து வைத்ததைக் கண்டுபிடித்து மீதியைச் செய்வதே அந்த விளையாட்டு. உலகப் புகழ் பெற்ற ஓர் ஓவியர் குழந்தைபோல் சுள்ளி பொறுக்குவதைச் சிலர் விநோதமாக நினைத்திருக்கலாம். நடுகல்லுக்குக் கல் "காண"ப் போன நம் முன்னோர் நினைத்திருக்க மாட்டார்கள்.

அவனீந்திரரின் மாணாக்கர்களில் ஒருவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு, 1929-ல் தலைவராக வந்தவர். 1959-ல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் ஆக்கியது. அவரிடம் படித்தவர் கே. ஸி. எஸ். பணிக்கர். நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் எழுதிப் பேர் பெற்ற பணிக்கர், 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை நிறுவினார். கலைஞர்கள் துணியில் பாத்திக் வேலையும் மற்றக் கைத்தொழிலும் செய்து விற்றுத் தங்கள் ஜீவனத்தையும் கலையையும் நடத்திக் கொண்டார்கள். இன்றும் அங்கே போகிறவர்கள் மரத்தடியில், திறந்த வெளியில், விசித்திர உருவச் சிற்பங்களைக் காணலாம். ஜவ்வாது மலைக்குப் போய்வந்த பிறகு அவற்றைப் பார்த்தால் "இது என்ன?" என்ற கேள்வி எழாது, "இது எங்கே பார்த்த முகம்?" என்ற கேள்விதான் எழும்.

பழங்காலத்திலும் இந்தப் பகுதியில் வண்ணக் கலை இருந்தது. ஆம்பூர்ப் பக்கத்து மலையாம்பட்டில் அருமாமலைக் குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சமணர்கள் கோவிலாக்கிக் கொண்ட அந்தக் குகையின் விதானத்தில் தாமரையும் அன்னமும் கொடியும் திக்குப் பாலகர்களும் தீட்டியிருந்தார்கள். பெரும்பாலும் உதிர்ந்து போய், துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கின்றன.

புளிய மரத்தடிக் கண்காட்சி

மூன்றாம் நாள் மாலை நண்பர் எழுதிய பதினான்கு படங்களும் உலர வேண்டியிருந்தது. பெரியவரின் ஊரில் புளிய மரத்தடியில் ஒரு நீண்ட பாறை. அதன்மேல் படங்களை வரிசையாகப் பரப்பி, மூலைக்கு ஒரு கூழாங்கல் வைத்தோம். வழியில் பொறுக்கிய சில வேர்களையும் பக்கத்தில் வைத்தார் நண்பர். திட்டம் ஒன்றும் இல்லாமலே கண்காட்சி ஆரம்பமாகிவிட்டது. கொல்லையிலிருந்து திரும்பியவர்கள், தலையில் விறகோடு வந்தவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லோரும் கூடிவிட்டார்கள்.

யாரும் தலையைச் சாய்த்து "ஆகா!" என்று சொல்லவில்லை. யாரும் "இது என்ன?" என்று கேட்கவுமில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. "இது எந்த நேரத்துலே எழுதினது?" என்றார் ஒருவர். "கிழக்காலே பனி இப்படி ஒதுங்கினா மழை இல்லே" என்றார் இன்னொருவர். பிள்ளைகள் வேர்களை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, நண்பர் மானென்று நினைத்ததை ஓணான் என்று நிரூபித்து விட்டார்கள்.

ஒரு பாட்டி மட்டும் ஒரு படத்தின் முன்னால் நெடு நேரம் நின்றாள். பனிக்கு நடுவே மலைச் சரிவு ஒன்றை எழுதிய படம்.

"தம்பி, இந்தச் சரிவு முன்னே மொட்டையா இருக்காது. நான் வாழ வந்தப்போ சந்தன மரமா நின்னுது. நீ மரமில்லாமே எழுதியிருக்கே" என்றாள்.

"இப்போது அங்கே மரம் இல்லையே, பாட்டி" என்றார் நண்பர்.

"இல்லேதான். ஆனா எழுதறவன் கேட்டுட்டு எழுதக் கூடாதா?" என்றாள் பாட்டி.

எத்தனையோ கலை விமரிசனங்களை நாம் படித்திருக்கிறோம். இதைப் போல் ஒன்றை அச்சில் கண்டதில்லை. நண்பர் மறு பேச்சுப் பேசவில்லை. பாட்டியை உட்காரச் சொல்லி, எந்த இடத்தில் எத்தனை மரம் என்று கேட்டுக் கேட்டுப் புதிதாக ஒரு படம் எழுதினார். இருட்டுகிற வரையில் அவள் விரலால் காட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் படத்தை அவளிடமே கொடுத்துவிட்டார்.

இரவுக் கூடம்

இருட்டியதும் இங்கே இன்னொரு கூடம் திறக்கிறது. விளக்கொளி குறைந்த இந்த மலையில் நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகின்றன. இதை அறிந்துதான் வானநூலறிஞர் வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1968-ல் 15 அங்குலத் தொலைநோக்கியோடு வேலையைத் தொடங்கினார். 1977 மார்ச்சு 10-ந் தேதி யுரேனஸ் கிரகத்துக்கும் வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்துகொள்ள உதவிய நோக்குகளில் காவலூரின் நோக்கும் ஒன்று. 1986-ல் 93 அங்குலத் தொலைநோக்கி நிறுவப்பட்டு, நிலையத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறு கிரகத்துக்கு ராமானுஜன் என்று பெயர். கற்கோடரியிலிருந்து கிரகத்தின் வளையம் வரையில் ஒரே மலையில் பார்க்கக் கிடைப்பது சாமானிய பாக்கியமா?

கூடத்தின் காவலர்கள்

இவ்வளவு பெருமைக்கும் நடுவே மனத்தை வாட்டும் விஷயம் ஒன்று உண்டு. கலைக்கூடம் என்றால் அதற்குக் காவலர் வேண்டும். இந்தக் கூடத்தின் காவலர்கள் மலை மக்கள்தான். அவர்கள் நிலைமை எப்படி இருக்கிறது?

சந்தனம் பெரும்பாலும் போய்விட்டது. திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கு ஏலத்துக்குப் பேர் பெற்றது. ஆனால் மரம் நின்ற மலையில் செல்வம் தங்கவில்லை. மானாவாரிச் சாமை வருஷம் முழுதும் வயிற்றை நிரப்பாது. வேலை தேடி ஆண்கள் சமவெளிக்கு இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி, ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் போலீஸார் சுட்டு இருபது பேர் மாண்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள் போலீஸார். இது நியாயமான மோதலே அல்ல என்றார்கள் மனித உரிமைக்காகப் பாடுபடுகிறவர்கள். மாண்டவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலை ஊர்களைச் சேர்ந்த ஏழைகள். கோடரியைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் மலையிலிருந்து, கோடரி பிடிக்கும் கூலிக்காகப் போன ஆண்கள் திரும்பி வரவில்லை. ஊருக்காக மாண்டவனுக்கு ஒரு காலத்தில் கல் நட்டார்கள். வயிற்றுக்காக மாண்டவனுக்கு யார் நடுவார்?

காவலர்கள் வெளியூர் போனால் கூடம் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்திட்டைகளின் மூடிக்கற்களைப் புதையல் இருக்கிறதென்று புரட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பலகைக்கல் துவைக்கிற கல்லாகிறது, வாசற்படியாகிறது. பாட்டிகள் மறைந்தால், எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது என்று சொல்ல ஆள் இருக்காது. படித்தவர்களாகிய நாமோ விடுமுறைக்கு வருகிறோம், நீர்வீழ்ச்சியில் குளிக்கிறோம், காகிதத் தட்டுகளைப் போட்டுவிட்டுப் போகிறோம்.

நம் நேயர்கள் இந்த மலைக்குப் போக வேண்டும். குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டும். போகிறவர்கள் சாமையும் தேனும் புளியும் மலைக்காரரிடமே, பேரம் பேசாமல் வாங்க வேண்டும். கல்திட்டையைக் கண்டால் ஏறி நின்று படம் பிடிக்காமல், சுற்றி வந்து பார்க்க வேண்டும். பாறைக்குப் பெயர் என்னவென்று ஊர்ப் பெரியவரைக் கேட்க வேண்டும். கேட்ட பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டால் இன்னும் விசேஷம். பல நூல்களில் இல்லாத விஷயம் அது.

அதன் பிறகு சென்னைக்குத் திரும்பி எந்தக் கலைக்கூடத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். தலையில்லாத உருவமும் ஓட்டை விழுந்த உருண்டையும் நம்மைப் பயமுறுத்த மாட்டா. "இதற்கு என்ன பொருள்?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், "மழை வந்து போன பிறகு பாருங்கள்" என்று தைரியமாகப் பதில் சொல்லலாம். கேட்டவருக்கு அது புரியாவிட்டால், போளூருக்கு எந்தப் பஸ் ஏறவேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நல்லது.